மழையில் நனையக் கூடாத வைப்பர்

புதிதாக ஒரு பொருள் வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பெட்டியைத் திறப்பீர்கள், மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கை உரிப்பீர்கள், உரியும்போது வரும் சத்தத்தில் கொஞ்சம் குஷியாவீர்கள், பொருளை எடுத்துப் பயன்படுத்துவீர்கள். அது நாளாக ஆகத் தேயும், கீறல் விழும், ஒருநாள் உடையும். நீங்கள் வேறொன்று வாங்குவீர்கள். சாதாரண மனிதர். உங்களைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

இங்கே சொல்ல வந்தது வேறோர் இனம். உறை பிரிக்காதவர்கள். இவர்களை எல்லா ஊரிலும் எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். இவர்கள் வீட்டு சோபாவில் கடையில் போட்ட பிளாஸ்டிக் அப்படியே இருக்கும். வெயில் காலத்தில் உட்கார்ந்து எழுந்தால் சோபாவும் கூடவே கொஞ்ச தூரம் எழுந்து வரும். டி.வி. ரிமோட் ஒரு பையில், அந்தப் பை இன்னொரு பையில்; எந்தப் பொத்தான் எது என்று தெரியாமல் குத்துமதிப்பாக அமுக்கி, செய்தி கேட்க நினைத்தவர்கள் குஸ்தி பார்த்துக்கொண்டிருப்பார்கள். பூப்போட்ட கோப்பைகள் கண்ணாடி அலமாரிக்குள் வரிசை கட்டி நிற்க, வீட்டில் இருப்பவர்கள் காது உடைந்த கோப்பையில் டீ குடிப்பார்கள். “ஏங்க இப்படி?” என்று கேட்டுப் பாருங்கள். “பத்திரமா இருக்கட்டுமே” என்பார்கள். எந்த நாளுக்காக என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பாவம், அது அவர்களுக்கே தெரியாது.

கஞ்சன் என்று நினைத்துவிடவும் வேண்டாம். கஞ்சன் மட்டமானதை வாங்குவான், அதைத் தேய்த்துத் தேய்த்துக் கந்தலாக்குவான். இவர்கள் இருப்பதிலேயே உயர்ந்ததை வாங்குவார்கள். அதற்காக நாயாய் அலைவார்கள். வாங்கிய பிறகு அதைத் தொட மாட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவர் இருக்கிறார். தண்ணீர் பம்பு செய்யும் தொழிற்சாலையில் கிடங்குக்குப் பொறுப்பாளர். இருபத்தாறு வருட சர்வீஸ். கிடங்குக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையில் அவருக்கு ‘அப்புறம் சார்’ என்று பெயர். அவருக்கு முன்னால் அப்படிச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. அவர் தலை மறைந்தால் வேறு பெயரில் யாரும் அழைப்பதும் இல்லை. கடைசல் பிரிவிலிருந்து ஒருவர் வந்து புதுக் கையுறை கேட்டால், இவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “பழசைக் காட்டு” என்பார். காட்டுவார்கள். “ஓட்டை எங்கே?” இதோ சார். “இது ஓட்டையா? காத்து வர்ற வழி. விரல் முழுசா வெளியே வரட்டும், அப்புறம் பார்க்கலாம்.” கிடங்கில் எல்லாம் நிறைந்திருந்தால்தான் அவருக்கு மனசு நிறையும். யாராவது எதையாவது எடுத்துப் பயன்படுத்திவிட்டால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

பாராட்டும் அவருக்குக் கிடங்குச் சரக்குதான். ஒரே மகள். பள்ளியில் முதல் இடம் வாங்கிக்கொண்டு ஓடி வந்து மார்க் அட்டையை நீட்டினாள். உள்ளுக்குள் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் இதற்கே பாராட்டிவிட்டால் பெரிய பரீட்சைக்கு என்ன சொல்வது? “பரவாயில்ல” என்றார். பெரிய பரீட்சையிலும் முதல் இடம். கல்லூரி இருக்கிறதே, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். “ம், பரவாயில்ல.” கல்லூரியில் பாலம் கட்டும் படிப்பு படித்துத் தங்கப் பதக்கத்தோடு வந்தாள். வேலை கிடைக்கட்டும். “பரவாயில்ல.” பதக்கம் மட்டும் உறையோடு பீரோவுக்குள் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது வரைக்கும் அப்பாவுக்குத் தன்னைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்றே சரியாகத் தெரியாது. இவருக்கோ அவளை நினைத்தாலே நெஞ்சு விம்மும். விம்மி என்ன பயன்? வெளியே வந்தால்தானே?

சரி, வைப்பர் கதைக்கு வருவோம்.

அவர் காரின் வைப்பர்களுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. ரப்பர் காய்ந்து வெடித்து, மழை பெய்தால் கண்ணாடியில் பிறை வடிவத்தில் ஒரு கலங்கல் விழும். அதுவும் எங்கே? சரியாக ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேரே. அவர் அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. கழுத்தை ஒடித்து, தாடையை ஸ்டீயரிங் மேல் வைத்து, கலங்கலுக்குக் கீழே தெரியும் நாலு விரல் இடைவெளி வழியாக உலகத்தைப் பார்த்து ஓட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து வரும் மனைவி பள்ளிக்கூட டீச்சர். சிவப்பு மையும் கூர்மையான நாக்கும் தொழில் கொடுத்தவை.

“உங்க வைப்பர் துடைக்குதா, வெள்ளையடிக்குதா?” என்றாள் ஒருநாள்.

“ஏன், எனக்கு ரோடு தெரியுதே.”

“உங்களுக்குத் தெரியுது. ரோட்டுல போறவனுக்கு உங்க தலையே தெரியல. ஆளில்லாத கார் வருதுன்னு அலறிட்டு ஓடுறான். முதல்ல போய் மாத்துங்க.”

மாற்றச் சம்மதித்தார். ஆனால் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்துவிட அவர் என்ன நம்மைப் போலவா? முதலில் அளவு. ஓட்டுநர் பக்கம் இருபத்திரண்டு அங்குலம், மறுபக்கம் பதினெட்டு. இதை வீட்டில் தையல் டேப்பால் ஒரு தடவை, தொழிற்சாலையில் இரும்பு அளவுகோலால் ஒரு தடவை, இரண்டும் சரியாக இருக்கிறதே என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவை அளந்தார். பிறகு அடுத்தடுத்து நாலு சனிக்கிழமை உதிரிபாகக் கடைக்குப் படையெடுத்தார். கையில் ஒரு பை. பைக்குள் பழைய போட்டோ சட்டத்திலிருந்து கழற்றிய கண்ணாடி, ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு சிட்டிகை தெருப் புழுதி. கடை மேஜை மேல் கண்ணாடியை வைத்து, தண்ணீரை ஊற்றி, புழுதியைத் தூவி, ஒவ்வொரு வைப்பராக வாங்கி இழுத்துப் பார்த்து, குனிந்து, வெளிச்சத்துக்கு நேரே ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோடு எண்ணுவார். பின்னால் நிற்கிற வாடிக்கையாளர்கள், இவர் ஏதோ அரசாங்கப் பரிசோதகர் போலிருக்கிறது என்று மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள்.

“கோடு விழாம துடைக்கணும். ரொம்ப நாள் உழைக்கணும். அப்படி எது இருக்கு?”

கடைக்காரர் பொறுமைசாலி. “சார், ரப்பர் மெத்துனு இருந்தா சுத்தமா துடைக்கும், ஆனா சீக்கிரம் தேஞ்சிடும். கெட்டியா இருந்தா நாள்பட வரும், ஆனா கோடு போடும். உங்களுக்கு எது முக்கியம்?”

“ரெண்டும்.”

மூன்று சனிக்கிழமை இந்த ‘ரெண்டும்’ என்ற இடத்திலேயே பேச்சு நின்றது. நாலாவது சனிக்கிழமை கடைக்காரர் தோற்றுப்போய், உள்ளே போய், இருப்பதிலேயே உசத்தியான ஒரு பெட்டியை எடுத்து வந்தார். சிலிகான் ரப்பர். இரும்புச் சட்டம், மூட்டு எதுவும் இல்லாமல் ஒரே பட்டையாகக் கண்ணாடியோடு படிந்து போகும். இழுத்துப் பார்த்தார். ஒரு கோடு இல்லை. போட்டோ சட்டத்தில் இருந்தபோதுகூட அந்தக் கண்ணாடி அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. கிடங்குக்காரருக்கு ஆனந்தத்தில் கண்ணே பனித்துவிட்டது. கடைக்காரர் அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். விதி யாரை விட்டது?

“பத்து லட்சம் வீச்சுக்குத் தாங்கும் சார். பெட்டியிலேயே போட்டிருக்கான்.”

கிடங்குக்காரரின் முகம் மாறியது. “அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் மாத்திட வேண்டியதுதான்.”

“அப்போ ஒரு தடவை ஆடினா பத்து லட்சத்துல ஒண்ணு போச்சா?”

“அப்படிப் பார்த்தா... ஆமா. ஆனா சார், ஆட்டாம வெச்சாலும் ரப்பர் ரெண்டு வருஷத்துல தானா இறுகிடும். வெயில், தூசி எல்லாம் ரப்பருக்கு ஆகாது பாருங்க.”

இந்தக் கடைசிப் பேச்சில் முதல் பாதி அவர் காதில் விழவே இல்லை. பிற்பாதி மட்டும் பசை போட்டு ஒட்டிக்கொண்டது. வெயில் ஆகாது. தூசி ஆகாது. மழை வந்தால் ஆட்ட வேண்டும், ஆட்டினால் குறையும். ஆகவே மழையும் ஆகாது. வீடு வந்து சேர்வதற்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வெயிலும் படாமல், மழையும் படாமல், தூசியும் படாமல் வைப்பரைப் பயன்படுத்த ஒரே ஒரு இடம்தான் உண்டு. கார் ஷெட்.

நம்ப மாட்டீர்கள். சொல்லித்தான் ஆக வேண்டும். கார் ஷெட்டில் நிற்கும்போது புது வைப்பர் மாட்டியிருக்கும், அதன் மேல் முழுக் காருக்கும் துணி உறை போர்த்தியிருக்கும். கார் வெளியே கிளம்பும்போது உறையை எடுத்து, கண்ணாடியில் மடித்த துணியை வைத்து, தண்டைத் தூக்கி, கொக்கியை அமுக்கிப் புதிதை உருவி, துண்டில் சுற்றிப் பெட்டியில் போட்டு, பெட்டியை டிக்கியில் வைத்து, பழைய வைப்பரை மாட்டிக்கொண்டு கிளம்புவார். திரும்பி வந்ததும் பழசைக் கழற்றிப் புதிது மாட்டிப் போர்த்துவார். புது ரப்பரின் விளிம்பில், சோதனைக்குக் கழற்றிக் காட்டிவிட்டுக் கடைக்காரர் மறுபடி மாட்டிக் கொடுத்த மஞ்சள் பிளாஸ்டிக் உறை இருந்ததே, அதுவா? அது அப்படியே இருந்தது. அதை எடுப்பது என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை.

எதிர்வீட்டுப் பல் டாக்டர் ஒரு வாரம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் தாங்க மாட்டாமல் தெருவைக் கடந்து வந்துவிட்டார்.

“ஏன் சார், வெளியே போகும்போது பழசு, உள்ளே வந்தா புதுசா?”

“வெளியே மழை வரும் டாக்டர்.”

“ஷெட்டுக்குள்ள?”

“உள்ளே வராது.”

டாக்டர் தெருவைக் கடந்து திரும்பிப் போய்விட்டார். பிரஷ் தேய்ந்துவிடும் என்று பல் தேய்க்காமல் இருப்பவர்களை அவர் தினமும் பார்க்கிறார்.

இப்படி எட்டு மாதம் போனது. பத்து லட்சத்தில் ஒன்றுகூடக் குறையவில்லை. அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. பாலங்கள் வடிவமைக்கும் பெரிய நிறுவனம். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு அங்கே வேலை செய்ய வேண்டும் என்றுதான் கனவு. வியாழக்கிழமை காலை பத்து மணி. பத்துக்குக் கதவை மூடிவிடுவார்கள், தாமதமாக வருவோருக்கு அனுமதி இல்லை என்று கடிதத்தின் அடியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மனைவி பள்ளிக்குக் கிளம்பும்போது இவரிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

“நேரத்துக்குக் கொண்டுபோய் விடுங்க. உங்க சாங்கியத்தை எல்லாம் இன்னிக்கு ஒருநாள் மூட்டை கட்டி வைங்க.”

மூட்டை கட்டுவதில் அவருக்குச் சிரமமில்லை. சொன்னபடியே புது வைப்பரை மூட்டை கட்டி டிக்கியில் வைத்துவிட்டார். இடது பக்கக் கொக்கி சிக்கிக்கொண்டதில் பத்து நிமிஷம் போயிற்று. மகள் கேட்டுக்கு வெளியே நின்று கைக்கடிகாரத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வானம் பளிச்சென்றுதான் இருந்தது. பாதி வழியில் அது மனசை மாற்றிக்கொண்டது.

மழையென்றால் அப்படி ஒரு மழை. அவர் வழக்கப்படி உடனே வைப்பரைப் போடவில்லை. பழசாகவே இருந்தாலும் பழக்கம் விடுமா? நிறையத் தண்ணீர் சேரட்டும், ஒரே வீச்சில் தள்ளலாம் என்று காத்திருந்து, எதிரில் வந்த லாரி ஹாரன் அடித்துத் திட்டிய பிறகு போட்டார். பிறைக் கலங்கல் வந்தது. தாடை ஸ்டீயரிங் மேல் இறங்கியது.

“அப்பா, நான் ஓட்டவா?”

“வேணாம்மா. இந்தக் கண்ணாடி உனக்குப் பழகாது.”

அடுத்த தெருவில் பழைய ரப்பர் பட்டை ஒரு பக்கம் பிய்ந்து, சவுக்கு மாதிரி கண்ணாடியை இரண்டு அடி அடித்துவிட்டு எங்கேயோ பறந்தே போய்விட்டது. மிச்சம் வெறும் தகரம். கர்ர்ர் என்று கண்ணாடியைப் பிறாண்டியது. அவர் நெஞ்சையே பிறாண்டியது போல் துடித்துப்போய் நிறுத்தி, பக்கத்தில் இருந்த பெட்ரோல் பங்க் கூரைக்கு அடியில் காரைச் சேர்த்தார். மணி ஒன்பது பதினைந்து.

“மழை விட்டதும் போயிடலாம்” என்றார்.

“இது விடற மழையா? பத்துக்குக் கதவை மூடிடுவாங்கப்பா.” மகள் போனில் வாடகைக் காருக்கு முயன்று பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. போனைப் பைக்குள் போட்டாள். பையின் வாரை விரலில் சுற்ற ஆரம்பித்தாள். “அப்பா, புது வைப்பர் டிக்கியிலதானே இருக்கு?”

“இருக்கு.”

“மாட்டுங்க.”

அவர் மகளைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். மறுபடி மகளைப் பார்த்தார். உண்மையான வேதனையோடு சொன்னார்: “மழையா இருக்கேம்மா!”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வார் இன்னும் ஒரு சுற்று சுற்றியது. கிடங்குக்காரருக்கு என்னவோ செய்தது. இருபத்தாறு வருடத்தில் பழசை வாங்காமல், ஓட்டையைப் பார்க்காமல் அவர் சரக்கு கொடுத்ததே இல்லை. டிக்கியைத் திறந்தார். பெட்டியை எடுத்தார். துண்டைப் பிரித்தார். மாட்டினார். கூரைக்கு அடியில் நனையாமல் மாட்டலாம், அதுவரைக்கும் ஆறுதல். பிறகு கண்ணை மூடிக்கொண்டு காரை மழைக்குள் விட்டார் என்று சொன்னாலும் தப்பில்லை. ஏனென்றால் ஒன்றுமே தெரியவில்லை. பழசாவது பார்க்க வேண்டிய இடத்தில் மட்டும்தான் மறைத்தது. இது கண்ணாடி முழுக்கத் தண்ணீரைச் சமமாகப் பூசியது.

நூறடியில் ஓரம் கட்டிவிட்டார். கோபம் வந்துவிட்டது. “பார்த்தியா! நாலு சனிக்கிழமை! கண்ணாடி, புழுதி எல்லாம் வெச்சுப் பார்த்தேன். கடைசில ஏமாத்திட்டான். பத்து லட்சமாம் பத்து லட்சம், முதல் வீச்சே இந்த லட்சணம்!”

மகள் கண்ணைச் சுருக்கி, ஆடிக்கொண்டிருந்த வைப்பரின் விளிம்பைப் பார்த்தாள். மஞ்சளாக ஏதோ போய் வந்துகொண்டிருந்தது.

“அப்பா. அந்த மஞ்சள் என்னது?”

“அது ரப்பரோட உறைம்மா. பாதுகாப்புக்கு.”

“எதுலேர்ந்து பாதுகாப்பு?”

“தண்ணிலேர்ந்துதான்” என்றார். சொன்ன பிறகு அவருக்கே கொஞ்சம் இடித்தது.

மகள் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். நேர்முகத் தேர்வுக்கென்று ராத்திரியே இஸ்திரி போட்டு வைத்த உடையோடு, கொட்டுகிற மழையில் நின்று, இரண்டு மஞ்சள் உறைகளையும் பர்ரென்று உருவி, உள்ளே வந்து அவர் மடியில் போட்டாள். “இப்போ போடுங்க.”

போட்டார். சத்தமே இல்லை. ஒரு வீச்சு. சாலை தெரிந்தது. வெறும் சாலை இல்லை. நடுக் கோடு, அதன் வெள்ளை, ஓரத்தில் குடைக்குள் சண்டை போட்டுக்கொண்டு போகும் கணவன் மனைவி, சிக்னலின் சிவப்பு, அதற்கு அடியில் நனைந்துகொண்டே போக்குவரத்தைச் சரிசெய்யும் போலீஸ்காரரின் விசில்கூடத் தெரிந்தது. கிடங்குக்காரர் வாயைப் பிளந்தார். தாடையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த சீட்டில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து ரொம்ப நாளாகிறது. உதடு மட்டும் தானாக அசைந்தது. மூணு, நாலு, அஞ்சு...

“எண்ணாதீங்கப்பா.”

“எண்ணலம்மா.” மனசுக்குள் எண்ணினார். நூற்றுச் சொச்சத்தில் ஒரு பஸ் குறுக்கே வந்ததில் கணக்கு தப்பிவிட்டது. அதன் பிறகு, ஆச்சரியம், அவருக்கு அதைப் பற்றிக் கவலையே வரவில்லை.

ஒன்பது ஐம்பத்தாறுக்கு நிறுவனத்தின் வாசலில் போய் நின்றார்கள். மகளின் தலையும் தோளும் தொப்பலாக நனைந்திருந்தன. அவர் வைப்பர் சுற்றிய துண்டை எடுத்து நீட்டினார். புத்தம் புதுத் துண்டு, விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவள் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்: “எப்படி இருக்கேன்?”

வார்த்தை இருந்தது. தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் வேலை இன்னும் கிடைக்கவில்லையே? முடித்துவிட்டு வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

“பரவாயில்ல” என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு இறங்கி ஓடினாள். முன்வாசலுக்கு இருபது படி. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார், வைப்பரை நிறுத்தக்கூட மறந்துபோய். எத்தனையோ பரீட்சைக்கு, போட்டிக்கு இதே காரில் அவளைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அந்தப் பழைய கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு நிறம் அசைந்து போவதுதான் தெரியும், உடனே வண்டியைத் திருப்பிவிடுவார். இன்று எல்லாம் தெரிந்தது. கடைசிப் படியில் அவள் நின்றாள். பை வாரை விரலில் இறுக்கிச் சுற்றினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பயந்துபோயிருந்தாள். திரும்பி, காரைப் பார்த்தாள். அவள் பார்த்த விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது: அவள் இன்றைக்குப் புதிதாகத் திரும்பவில்லை, ஒவ்வொரு தடவையும் திரும்பித்தான் பார்த்திருக்கிறாள். இவர்தான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

கதவைத் திறந்துகொண்டு கிடங்குக்காரர் மழையில் குதித்தார். குடை பின் சீட்டில் இருந்தது, உறைக்குள்.

“ஏம்மா!” என்று கத்தினார். வாசல் காவலர் திடுக்கிட்டு எழுந்தே விட்டார். “நீ நல்லா பண்ணுவ! பரவாயில்லன்னு சொன்னது பொய்! நீ எப்பவுமே நல்லாத்தான் பண்ணியிருக்க! சின்னப் பிள்ளையிலேர்ந்து! அந்த மெடல் வாங்கினப்போ நான் கிடங்குக்குள்ள போய் அழுதேன்!”

இருபத்திரண்டு வருடத்து இருப்பு, ஒரே மூச்சில் காலி. மகள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பை வாரை விட்டாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஒன்பது ஐம்பத்தெட்டு.

“உங்க பொண்ணா சார்?” என்றார் காவலர்.

“ஆமா. பாலம் கட்டுவா” என்றார் கிடங்குக்காரர், நனைந்துகொண்டே.

இதோடு முடித்தால் அவர் திருந்திவிட்டார் என்று நீங்கள் சந்தோஷமாகப் போய்விடுவீர்கள். அந்த இனத்தை அவ்வளவு சுலபமாக எடைபோட்டுவிடாதீர்கள். புது வைப்பர் இப்போது வெளியே போகும்போதும் காரிலேயே இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் ஷெட்டுக்கு வந்ததும் மஞ்சள் உறையைத் துடைத்து மறுபடி மாட்டிவிடுகிறார். பன்னிரண்டு நாள் கழித்து வேலை உத்தரவு வந்தது. மகள் குதித்தாள். மனைவி தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். கிடங்குக்காரர் “பரவாயில்ல” என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, “ரொம்ப நல்லாயிருக்கு” என்று முடித்தார். முடித்த கையோடு கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அரைமணி நேரத்தில் பெருமை பொங்கத் திரும்பி வந்தார். கடிதத்தை லாமினேட் செய்துவிட்டிருந்தார்.

கையெழுத்துப் போட்டு ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டிய கடிதம் அது.

“கையெழுத்தை எங்கே போடுவா? பிளாஸ்டிக் மேலயா?” என்றாள் மனைவி.

“பத்திரமா இருக்கட்டுமேன்னுதான்...”

மகள் தலையில் அடித்துக்கொண்டு நிறுவனத்துக்குப் போன் செய்து இன்னொரு பிரதி கேட்டாள். போனை எடுத்த அம்மாள் காரணத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “எங்க அப்பாவும் இப்படித்தான்மா. நாளைக்கே அனுப்பறேன். அவர் கையில மட்டும் குடுத்துடாத.”

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்ததும் உங்கள் ரிமோட் எந்தப் பைக்குள் இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி அலமாரியில் அந்தப் பூப்போட்ட கோப்பைகள் யாருக்காகக் காத்திருக்கின்றன? வீட்டில் யாருக்கோ சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறீர்களே ஒரு நல்ல வார்த்தை, அதற்கு எத்தனை வயதாகிறது? கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் புத்தகத்துக்குப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டிருக்கிறீர்கள். முதுகு மடங்கிவிடுமே என்று பாதிதான் விரித்து, உள்ளே மறைந்த எழுத்துகளைக் கழுத்தை ஒடித்து எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நன்றாகத் திறந்துதான் படியுங்களேன். ஒன்றும் தேய்ந்துவிடாது.